ரிஜெக்ட் என்று சொன்ன வாய்

ஆம்பூர் தோல் கம்பெனியில் எனக்குத் தரம் பிரிக்கிற வேலை. மேசையில் தோலை விரித்து, விரலால் தடவி, முதல் தரம், இரண்டாம் தரம், ரிஜெக்ட் என்று தள்ளிவிட வேண்டும். சின்னத் தழும்புகூட என்னிடமிருந்து தப்பாது என்று பீற்றிக்கொள்வேன். எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், எனக்குச் சம்பந்தமே இல்லாத இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்று புது ஆளுக்குக் காட்டப் போய், வலது கையில் இரண்டு விரல்களைக் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் வீட்டார் அதோடு நின்றுகொண்டார்கள்.

வேலூர்ப் பக்கம் அமிர்தி என்ற ஊரைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஆறு மைல் காட்டுப் பாதையில் ஒரு மாட்டுப் பண்ணை. காவலுக்கு ஆள் கேட்டார்கள். மனுஷ முகமே வேண்டாம் என்று போனேன். போன இடத்தில் ஒரு மனுஷி இருந்தார்.

வேலூரில் நர்ஸாக இருந்தவர். கணவன் வீட்டில் ஸ்டவ் வெடித்து, கழுத்திலிருந்து இடது முழங்கை வரை வெந்து சுருங்கியிருந்தது. வெடித்ததா, வெடிக்க வைத்தார்களா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாடுகளுக்கு ஊசி போடுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் அவர்தான். நான் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டேன். மனதில் வைத்திருக்கிற பெண்ணை அப்படிக் கூப்பிட்டவன் ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். ஒரு வருஷம் நான் செய்த காதல் இவ்வளவு: அவருக்கு வெந்நீர் போட்டு வைப்பேன், அவர் வந்ததும் மாட்டைப் பற்றிப் பேசுவேன்.

அப்போது அவருடைய அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. கணவன் மன்னிப்புக் கேட்கிறானாம், ஞாயிற்றுக்கிழமை அண்ணனே வந்து கூட்டிப் போகிறாராம். சிஸ்டர் அதைப் படித்துக் காட்டிவிட்டு என் முகத்தையே பார்த்தார். போகாதீங்க என்று ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கு நான்கு நாள் ஒத்திகை பார்த்தேன்.

சனிக்கிழமை ஒரு பசு முள்கம்பியில் மாட்டி விலாவைக் கிழித்துக்கொண்டது. நான் தலையைப் பிடித்துக்கொள்ள, அவர் தையல் போட்டார். இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தேன். கண் காயத்தின் மேல் போயிற்று.

"ஆறினாலும் தழும்பு நிக்கும் சிஸ்டர். இனிமே இது ரிஜெக்ட்தான்."

அவர் கை ஒரு கணம் நின்றது. மீதித் தையலைப் போட்டார், கத்தரியைக் கழுவினார், முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு போனார். அந்த ஒரு வருஷத்தில் அவர் என் முன்னால் கழுத்தை மூடியதே இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அண்ணன் வந்தார். சிஸ்டர் பெட்டியோடு வெளியே வரும்போது நான் குறுக்கே போய் நின்றேன்.

"நான் மாட்டுத் தோலத்தான் சொன்னேன் சிஸ்டர். சத்தியமா."

அவர் இடது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "அப்ப இத பார்த்துச் சொல்லு. இன்னா தரம்?"

அதுவரை என்னை நீங்கள் என்றே பேசியவர். "நீங்க போய்ட்டா என்னால இங்க இருக்க முடியாது," என்று சொல்லி, அண்ணன் எதிரிலேயே விக்கி விக்கி அழுதேன். ஒத்திகையில் அழுகை இல்லை.

அவர் பெட்டியை வைத்துவிட்டு என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். எப்படி ஆச்சு, யார் தப்பு என்றுதான் அதுவரை எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

"இன்னும் வலிக்குதா?" என்றார்.

"பனி நாள்ல வலிக்கும்."

"எனக்கும்தான்," என்றார். பிறகு அண்ணனிடம் திரும்பினார். "நீ போய்ட்டு வாண்ணா. நான் வர்ல."