என் முகத்தில் முழித்தால்

பக்கத்து வீட்டுக் கல்யாண ஒலிபெருக்கி இன்று விடியும் முன்பே என்னை எழுப்பிவிட்டது. தூக்கம் போனால் போகட்டும், வேலை நடப்பதையாவது பார்ப்போம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு எனக்குப் புடவை நெய்பவர்கள் இருக்கும் பிள்ளையார்பாளையம் போனேன்.

தெரு நெடுக என் கடைப் புடவைக்கான பட்டுப் பாவு நூலை நீட்டிக் கட்டியிருந்தார்கள். மணி அடித்தேன்.

அத்தனை பேரும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்!

"என்னப்பா இது?" என்றேன், நெசவாளி ஏகாம்பரத்திடம்.

அவன் தரையைப் பார்த்தபடியே, "கோவிச்சுக்காதீங்க மொதலாளி. காலையில உங்க முகத்துல முழிச்சா இழை அறுந்துக்கினே இருக்குதுன்னு இங்க ஒரு பேச்சு. வெயில் ஏறினப்புறம் வாங்க. அதுக்குள்ள வேற முகம் பார்த்துடுவோம்" என்றான்.

அவன் மனைவி சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "அறுந்தா கூலியில பிடிக்கிறதும் அவர்தானே!"

இத்தனை வருஷமாக இந்தத் தெருவில் எனக்குப் பெரிய மரியாதை என்றல்லவா நினைத்திருந்தேன்!

ஆனால் பாவு என்னுடையது; இழை அறுந்தால் புடவை கெடுவது எனக்கும்தானே. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

தினமும் கண்ணாடியில் நானும் இந்த முகத்தில்தான் முழிக்கிறேன். கடை நன்றாகத்தானே நடக்கிறது?

உங்களில் யாராவது என் முகத்தில் முழித்ததுண்டா? உண்மையைச் சொல்லுங்கப்பா.