ஒட்டாமல் விட்ட ஸ்டிக்கர்

அந்தச் சட்டை ஆலையில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவள் பூதக்கண்ணாடி. அது அவளுக்கும் தெரியும். தெரியாதது போல இருந்துகொள்வாள், அதில் ஒரு கௌரவம் இருந்தது.

தைத்து முடித்த சட்டைகள் கடைசியாக அவள் மேசைக்குத்தான் வரும். குழல் விளக்குக்குக் கீழே விரித்துப் போட்டு, காலர், கைப்பட்டி, பட்டன், பக்கத் தையல் என்று இரண்டு கைகளாலும் தடவிப் பார்ப்பாள். எங்கேயாவது நூல் நீட்டிக்கொண்டிருந்தால் போதும், சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கரை எடுத்து அந்த இடத்தைக் குறி பார்த்து ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். பத்தொன்பது வருடமாக இதே வேலை. வீட்டுக்குப் போனாலும் அந்தக் கண் ஓயாது. கணவன் மடித்து வைத்த போர்வையைப் பிரித்து மறுபடி மடிப்பாள். அவன் பஸ் டிரைவர். "என் பஸ்ல நீ ஏறாம இருக்கியே, அது நான் செஞ்ச புண்ணியம்" என்பான்.

காரணம் சொல்கிறவர்களை அவளுக்குக் கட்டோடு பிடிக்காது. மெஷின் சரியில்லை, நூல் மட்டம், வெளிச்சம் போதவில்லை என்று யாராவது ஆரம்பித்தால், "இதையெல்லாம் எழுதி சட்டைப் பையில வச்சு அனுப்பலாமா? வாங்குறவன் படிச்சுப் பாத்து மன்னிச்சிடுவான்" என்பாள்.

அவளிடம் அதிகமாக ஸ்டிக்கர் வாங்கியவள் ஏழாம் மெஷினில் காலர் தைக்கும் பெண். அவள் வேறு யாருமில்லை, சொந்த நாத்தனார். கணவனின் தங்கை. "வீட்ல அண்ணி, இங்க எமன்" என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆலையில் ஊசிக்கு ஒரு சட்டம் உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ஊசி நோட்டில் டேப் போட்டு ஒட்டிக் காட்ட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அன்றைக்குத் தைத்ததையெல்லாம் நிறுத்திவிடுவார்கள். ஏனென்றால் அந்தத் துண்டு யாரோ ஒருவர் கழுத்தில் போய்க் குத்தும்.

அது பூதக்கண்ணாடியின் விரலில் குத்தியது. ஒரு காலரின் மடிப்பைத் தடவும்போது இடது மோதிர விரலில் சுருக்கென்று ஏறியது. இழுத்துப் பார்த்தால் ஊசிமுனை. சட்டையின் சீட்டைத் திருப்பினால் ஏழாம் மெஷின். நோட்டைப் போய்ப் புரட்டினால், நாத்தனார் அன்று காலை உடைந்த ஊசியை முழுதாக ஒட்டிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். முனை மட்டும் கொஞ்சம் துருவேறியிருந்தது. ஏதோ பழைய ஊசியின் முனையை ஒட்டிக் கணக்கை நேர் செய்திருக்கிறாள். நோட்டில் பொய் சொன்னால் வேலை போகும்.

நாத்தனாருக்கு இரண்டு பிள்ளைகள். பூதக்கண்ணாடி சுற்றும் முற்றும் பார்த்தாள். அந்த முனையை ஸ்டிக்கர் தாளில் சுற்றி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடினாள். சட்டையை நல்ல சட்டைகளோடு அடுக்கினாள். பத்தொன்பது வருடத்தில் அவள் ஒட்டாமல் விட்ட ஒரே ஸ்டிக்கர் அது.

நாத்தனாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் அழுவாள், நன்றி சொல்வாள். ஊசி குத்தினதைவிட அது பெரிய வேதனை.

விரல் பழுத்தது. சீழ் வைத்தது. யாரிடமும் காட்டாமல் மறைத்தே வைத்திருந்தாள். பத்துப் பதினைந்து நாளில் ஒருவழியாக ஆறிப்போனது. ஆறிய வாரத்தில்தான் மார்பகப் பரிசோதனை வண்டி ஆலை வாசலில் வந்து நின்றது. நாற்பது தாண்டிய பெண்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். படிவத்தை நிரப்பியது ஆலை நர்ஸ். பக்கத்தில் சூப்பர்வைசர்.

"சமீபத்துல தடுப்பூசி ஏதாவது?"

"இல்ல."

"கையில காயம், புண்ணு?"

வேலையில் பட்ட காயமென்றால் எப்படிப் பட்டது என்று இன்னொரு படிவம் எழுத வேண்டும். பூதக்கண்ணாடி சூப்பர்வைசரைப் பார்த்தாள். "இல்ல" என்றாள்.

ஒரு வாரம் கழித்து ஒட்டிய உறை ஒன்று வந்தது. இடது அக்குளில் நிணநீர்க் கணுக்கள் பெரிதாகியுள்ளன, மேற்பரிசோதனைக்கு வரவும் என்று இருந்தது. அந்தச் சொற்களை அவள் அதற்கு முன் கேட்டதே இல்லை. ஆனால் 'மேற்பரிசோதனை' அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் நாற்பது தடவை அவள் செய்கிற காரியம்தானே.

சாயங்காலம் கணவனிடம் உறையை நீட்டினாள்.

"ஏங்க, எனக்கும் ஒட்டிட்டாங்க."

"என்னத்த?"

"ஸ்டிக்கர்."

அவன் இரண்டு முறை படித்தான். பிறகு மெதுவாக, "நீ ஒட்டுற சட்டையெல்லாம் குப்பைக்கா போகுது? பாதிக்கு மேல ஒண்ணுமில்லன்னு அப்படியே திரும்பி வருதுன்னு நீதான பொலம்புவ?" என்றான்.

"சந்தேகம்னா ஒட்டணும். அதுதான் முறை."

"அதையேதான் நானும் சொல்றேன். சந்தேகம்னுதான் ஒட்டியிருக்காங்க. கெட்டுப்போச்சுன்னு யாரு சொன்னா?"

தன் ஸ்டிக்கரை வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு முகம் ஏன் அப்படிச் சுருங்குகிறது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

ஆலையில் விஷயம் பரவ அரை நாள் ஆயிற்று. எல்லோரும் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்கள். ஸ்டிக்கர் ஒட்டினால், "ஆமாக்கா, எங்க தப்புதான்க்கா" என்று தலையாட்டினார்கள். ஒருத்தி நாற்காலிக்கு மெத்தை கொண்டு வந்து போட்டாள். இன்னொருத்தி, "பத்தொன்பது வருஷமா எங்கள எவ்வளவு அக்கறையா பாத்துக்கிட்டீங்க" என்று கடந்த காலத்தில் பேசினாள். பூதக்கண்ணாடிக்கு அக்குளைவிட அந்த மெத்தைதான் அதிகமாக உறுத்தியது. மணிக்கு ஒரு தடவை கழிவறைக்குள் போய், தையலைத் தடவுவது போல இரண்டு விரலால் அக்குளைத் தடவிப் பார்த்தாள். சில நேரம் ஏதோ தட்டுப்பட்டது. சில நேரம் ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கணவனுக்கு லீவு கிடைக்கவில்லை. "நான் வரேன் அண்ணி" என்று நாத்தனார் அரை நாள் விடுப்பு எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வழியெல்லாம் வாய் ஓயவில்லை. "கவலைப்படாதீங்க. உங்கள எமன் கூட்டிட்டுப் போக மாட்டான். போனா அவன் வேலையிலயே நீங்க குறை கண்டுபிடிப்பீங்க."

ஸ்கேன் டாக்டர் வயதில் சின்னப் பெண். ஆனால் பார்த்த விதம் பூதக்கண்ணாடிக்குப் பிடித்திருந்தது. அக்குளில் கருவியை வைத்து நகர்த்தினாள், நிறுத்தினாள், பின்னால் போய் அதே இடத்தை மறுபடி பார்த்தாள். முடித்ததும் இருவரையும் உட்காரச் சொன்னாள்.

"மார்புல சந்தேகப்படுற மாதிரி எதுவும் தெரியலம்மா. அக்குள்ல ரெண்டு கணு பெருசா இருக்கு. கையில புண்ணு இருந்தா நெறி கட்டும்னு சொல்வாங்கல்ல, அந்தக் கணுதான். உங்களுக்குப் புண்ணு எதுவும் இல்லன்னு படிவத்துல இருக்கு."

பூதக்கண்ணாடிக்கு நெறி கட்டுவது தெரியாதா? சின்ன வயதில் காலில் முள் குத்தித் தொடை இடுக்கில் கட்டியதே. அந்த உறைக்குள் இருந்த பெரிய சொல்லுக்கும் இதுதான் பொருள் என்று யாரும் சொல்லவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சின்னக் காயம்கூட இல்லையா?"

முந்திக்கொண்டு நாத்தனார் சொன்னாள்: "அண்ணி மேல ஒரு கீறல்கூட இருக்காது டாக்டர். இவங்கதான் மத்தவங்களக் கீறுவாங்க."

டாக்டர் சிரித்தாள். "அப்போ காரணம் எதுவும் இல்ல. இன்னிக்கே ஊசி போட்டுக் கொஞ்சம் சாம்பிள் எடுத்துடலாம்."

போடட்டுமே என்று நினைத்தாள் பூதக்கண்ணாடி. ஒரு ஊசியை இன்னொரு ஊசி மறைத்துவிடும். நாத்தனார் வேலை தப்பும், தன் மானமும் தப்பும். மோதிர விரலை முந்தானைக்குள் மடக்கிக்கொண்டாள். ஆனால் டாக்டரின் மேசையில் கிடந்த படிவத்தில் அந்த 'இல்லை' அவள் கண்ணை விட்டு நகரவில்லை. பழைய முனையை ஒட்டிய நோட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இந்தப் பெண் இவ்வளவு ஒழுங்காகப் பார்க்கிறாள், நாம் அவள் கையில் பொய்ச் சீட்டைக் கொடுத்திருக்கிறோம்.

விரலை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இருந்துச்சு டாக்டர். ஊசிமுனை குத்தி சீழ் வச்சுது. அஞ்சு வாரம் இருக்கும்."

"என்ன ஊசி?"

"சட்டைக் காலர்ல ஒளிஞ்சிருந்த ஊசி." கொஞ்சம் நிறுத்தினாள். "ஏழாம் மெஷின்."

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நாத்தனார் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவள் பார்த்ததில்லை.

டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுவே காரணமா இருக்கலாம். ஆனா காரணம் கிடைச்சிடுச்சுன்னு நான் விட்டுட மாட்டேன். ஆறு வாரம் கழிச்சு மறுபடி ஸ்கேன். அப்பவும் குறையலன்னா சாம்பிள் எடுத்தே ஆகணும். நாள் தவறக் கூடாது. அதுவரைக்கும் அக்குளைச் சும்மா சும்மா நோண்டாதீங்க." டெட்டனஸ் ஊசி போட வந்த நர்ஸ் இடது கையைப் பிடித்ததும், "அந்தக் கை வேணாம், வலது கையில போடுங்க. மறுபடி நெறி கட்டி என்னைக் குழப்பும்" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழி வந்தபிறகுதான் நாத்தனார் வாயைத் திறந்தாள்.

"ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ நன்றி சொல்லுவ. அத வேற நான் உக்காந்து கேக்கணுமா?"

"அந்த முனை எங்க?"

பூதக்கண்ணாடி கூட்டைத் திறந்து தாள் சுருளைக் கொடுத்தாள். அவள் தூக்கிப் போடத்தான் கேட்கிறாள் என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் நாத்தனார் ஊசி நோட்டைத் திறந்து, பொய் முனைக்குப் பக்கத்தில் நிஜ முனையை ஒட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாள். தானே வந்து சொன்னதால் வேலை பிழைத்தது. காலரிலிருந்து தூக்கி மூன்று மாதம் பட்டன் மெஷினில் போட்டார்கள். ஊசியை மறைத்து வைத்ததற்காகப் பூதக்கண்ணாடிக்கும் ஒரு மெமோ வந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் மெமோ.

"நன்றி கேக்க மாட்டேன்னீங்கல்ல, அதான் இப்படி" என்றாள் நாத்தனார்.

ஆறு வாரம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. நோண்டாதே என்றதால் கை அக்குளுக்குத்தான் போனது. அதை அடக்கச் சட்டைகளை இரண்டு மடங்கு தடவினாள். ஸ்டிக்கர் தீர்ந்து புதுக் கட்டு வாங்க வேண்டியதாயிற்று. நாற்காலி மெத்தையை அதைக் கொண்டு வந்தவளே பேசாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாவது ஸ்கேனில் டாக்டர் அதே இடத்தில் கருவியை வைத்து வெகுநேரம் பார்த்தாள். அளந்தாள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து மறுபடி அளந்தாள்.

"ரெண்டும் சுருங்கிடுச்சும்மா. இப்போ சாதாரண அளவுதான். இனிமே வழக்கமான பரிசோதனைக்கு வந்தா போதும்."

"நல்லா பாத்தீங்களா டாக்டர்?"

"பாத்தேம்மா."

"அந்த ஓரத்துல?"

டாக்டர் அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். கருவியை எடுத்து அந்த ஓரத்தை இன்னொரு தடவை பார்த்தாள். "அங்கயும் ஒண்ணுமில்ல. நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னாள்.

"நினைச்சேன்" என்றாள் டாக்டர்.

அன்று மதியமே வேலைக்கு வந்துவிட்டாள். மேசையில் சட்டைகள் குவிந்திருந்தன. முதல் சட்டையை விரித்துத் தடவிக்கொண்டே வந்தவள் மூன்றாவது பட்டனில் நின்றாள். லேசாக இழுத்தாள். ஆடியது. சிவப்பு அம்பை எடுத்து ஒட்டினாள். சட்டையைத் தூக்கிக்கொண்டு தானே நடந்துபோய்ப் பட்டன் மெஷின்மேல் போட்டாள்.

நாத்தனார் அம்பைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டியது எல்லாம் அதிலேயே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"வந்துடுச்சு பூதக்கண்ணாடி."

எல்லா மெஷினும் ஒரு கணம் நின்றன.

"பட்டன் ஆடுது" என்றாள் பூதக்கண்ணாடி. "அழுதுக்கிட்டே தச்சா அப்படித்தான் ஆடும். பிரிச்சுத் தை."