மில்லி கோவாச்சின் மோதிரத்தைப் பூட்டியவள்

மில்லி கோவாச்சைப் பற்றிக் கேட்டால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஜன்னலோரம் உட்காருவாளே, அவளா?" என்பார்கள். மீதிப் பேருக்கு அதுவும் நினைவிருக்காது. எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிறப் பாவாடை, ஒரே காலைச் செபம், ஒரே தக்காளி சூப். இருந்தும் யார் கண்ணிலும் படாமல் ஒரு பெண் நான்கு வருடத்தை ஓட்டிவிட முடியும். மில்லி ஓட்டினாள்.

பிற்பாடும் அவள் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. கிளீவ்லாந்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றாள். கல்யாணம் கூடி வரவில்லை. பழைய மாணவிகள் ஒன்றுகூடும்போதெல்லாம் தவறாமல் வருவாள், கதவுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருவாள், கேக் வெட்டுவதற்குள் கிளம்பிவிடுவாள். பாவம் என்று நினைக்கத்தான் தோன்றும். எனக்கு அவள்மேல் கோபமும் உண்டு. பதினொன்றாம் வகுப்பின் மோதிர நாளில் அவள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

மில்லியின் அப்பா உருக்காலையில் இரவு வேலை பார்த்தார். பகலெல்லாம் தூங்குவார். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் கோயில் சமையலறையில் மற்றப் பெண்களோடு பிரோஹி என்ற கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்து உருளைக்கிழங்கு அடைத்துக்கொண்டிருப்பாள். அந்த வீட்டில் கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்த வேண்டும். மில்லிக்குப் பேச்சு என்றால் நொரீன் காலஹர்தான். பங்குப் பள்ளியில் எட்டு வருடம் ஒரே பெஞ்சு. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய அன்று நொரீனின் வெள்ளை முக்காடு நழுவி விழுந்ததும், மில்லி தன் கொண்டை ஊசியை உருவி அவளுக்குக் குத்திவிட்டு, தலைவிரி கோலமாகவே பீடத்துக்குப் போனாள். அவ்வளவு நெருக்கம்.

எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு இருவரும் சேர்ந்துதான் வந்தார்கள். நொரீன் கூடைப்பந்துக் குழுவில் சேர்ந்தாள், பாட்டுக் குழுவில் சேர்ந்தாள், சிரித்தால் வராந்தா முழுக்கக் கேட்கும். சாப்பாட்டுக் கூடத்தில் அவள் மேஜை நிறைந்து வழிந்தது. ஒரு நாள் மில்லி தட்டோடு போய் நின்றபோது நொரீன் நிமிர்ந்து பார்த்து, "ஐயோ, இடமில்லையேடி!" என்றாள். நிஜமாகவே இடமில்லை. மறுநாளும் இல்லை. சண்டை போட்டிருந்தால் ஒரு நாள் சமாதானமாகியிருக்கலாம். போடாத சண்டைக்கு யாரிடம் போய்ச் சமாதானம் பேசுவது?

அதிலிருந்து மில்லி தட்டு கழுவும் ஜன்னலுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தாள். எதிரே கார்மெலா டெடெஸ்கோ உட்காருவாள். பூண்டும் குடைமிளகாயும் வதக்கி வைத்த ரொட்டியை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கொண்டு வருவாள், அதில் பாதியைத் தினமும் மில்லி பக்கம் தள்ளுவாள். அவளுக்கு வாய் ஓயாது. அண்ணன் கார் வாங்கியது, பூனை குட்டி போட்டது, இலத்தீன் சொல்லித்தரும் சிஸ்டரின் கால் வலி என்று கொட்டித் தீர்ப்பாள். மில்லி ரொட்டியைத் தின்றபடி கார்மெலாவின் தோளுக்கு மேலாக நொரீனின் மேஜையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உனக்குத் தோழி இருக்கிறாளா என்று யாராவது அப்போது கேட்டிருந்தால், இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

பதினொன்றாம் வகுப்புக்காரிகள் பள்ளி மோதிரம் போட்டுக்கொள்ளும் மோதிர நாள் அக்டோபரில் வந்தது. காலைப் பூசையில் சாமியார் தீர்த்தம் தெளித்து மோதிரங்களை மந்திரிப்பார். பூசை முடிந்ததும் பள்ளி முழுவதும் சந்தைக்கடைதான். மோதிரம் போட்டவள் கையை நீட்ட வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு தடவை அதைத் திருப்ப வேண்டும். எந்த ஆண்டு பள்ளி முடிக்கிறோமோ அத்தனை திருப்பு. 1971-இல் முடிக்கும் எங்களுக்கு எழுபத்தொன்று. எல்லாம் உள்பக்கமாக, நெஞ்சைப் பார்த்து. கடைசித் திருப்பு மட்டும் வெளிப்பக்கமாக. அதற்குப் பெயர்தான் பூட்டு. உயிர்த் தோழிதான் பூட்ட வேண்டும். பூட்டியவளும் மோதிரக்காரியும் கையைப் பிடித்தபடி 'அருள் நிறைந்த மரியே' செபத்தை ஒரு தடவை சொல்வார்கள். சாயங்காலம் உடற்பயிற்சிக் கூடத்தில் நடக்கும் தேநீர் விருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். பூட்டிய மோதிரத்தை அதற்கப்புறம் திருப்பினால் பூட்டியவளோடு உறவு அறுந்துபோகும் என்று ஒரு பேச்சு. சிஸ்டர்கள் அதை மூடநம்பிக்கை என்று திட்டுவார்கள். நாங்கள் திட்டு வாங்கிக்கொண்டே நம்பினோம்.

மில்லி அன்றைக்கு ஒரே ஒரு ஆசையோடு வந்திருந்தாள். எப்படியாவது எழுபது பேரைப் பிடித்துவிட வேண்டும், எழுபத்தொன்றாவதுக்கு நொரீனிடம் போக வேண்டும். "நீதான் பூட்டணும்" என்ற அந்த ஒரு வாக்கியத்தை வாரம் முழுவதும் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருந்தாள். அதைக் கேட்டால் நொரீனுக்கு எல்லாம் நினைவு வந்துவிடும் என்று நம்பினாள்.

ஆனால் ஆள் பிடிப்பது அவளுக்கு வருமா? வராந்தாவில் சுவரோடு ஒட்டி நின்றாள். மற்றவர்கள் கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு போனார்கள். இலத்தீன் சிஸ்டர் தானாக வந்து ஒரு திருப்புத் திருப்பினார். "என்ன குழந்தை, விரல் இப்படி ஜில்லுனு இருக்கு? போ, போய்க் கேளு. யாரும் கடிச்சுற மாட்டாங்க" என்றார். ஒன்பதாம் வகுப்புச் சிறுமிகள் சிலர் விளையாட்டாகத் திருப்பினார்கள். மதியம் நெருங்கியும் பத்துகூடத் தேறவில்லை.

அப்போதுதான் நொரீன் ஒரு பட்டாளத்தோடு வந்தாள்.

"ஏய் மில்லி! திருப்பு திருப்பு, சீக்கிரம்! இன்னும் முப்பது பேர் பாக்கிடி எனக்கு!" என்று கையை நீட்டினாள்.

மில்லி திருப்பினாள். நொரீனின் கை சூடாக இருந்தது.

"உன்னோடத காட்டு" என்று நொரீனே அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் பின்னால் யாரோ எதையோ சொல்ல, திரும்பிப் பார்த்து, "போடி புளுகி! நான் எங்க அப்படிச் சொன்னேன்?" என்று சிரித்தபடி, பார்க்காமலேயே மில்லியின் மோதிரத்தைத் திருப்பிவிட்டுக் கையை விட்டாள்.

வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டாள்.

நொரீனுக்குத் தெரியாது. பட்டாளத்தில் ஒருத்தியும் கவனிக்கவில்லை. "தப்பாத் திருப்பிட்டேடி, மறுபடி திருப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நொரீன் நாக்கைக் கடித்துக்கொண்டு திருப்பியிருப்பாள், கதை அதோடு முடிந்திருக்கும். மில்லி சொல்லவில்லை. அவர்கள் படியிறங்கிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு, அருள் நிறைந்த மரியே முழுவதையும் முணுமுணுத்தாள். நொரீன் பூட்டிவிட்டாள். எப்படிப் பூட்டினால் என்ன? அதன்பிறகு திருப்ப வந்த இரண்டு பேரிடம், "முடிஞ்சிருச்சு" என்று கையைப் பின்னால் மறைத்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று நினைக்கிறேன்.

கடைசிப் பாடவேளை முடிந்ததும் கார்மெலா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"எங்கடி போன? உன்ன எங்கெல்லாம் தேடுறது? எழுபது முடிச்சுட்டேன். சமையல்கார அம்மாகிட்ட, பஸ் டிரைவர்கிட்டகூடக் கையை நீட்டிட்டேன், மானத்த விட்டுட்டேன் போ!" கையை நீட்டினாள். "கடைசி ஒண்ணு உனக்குன்னு வச்சிருக்கேன். பூட்டு."

மில்லி விழித்தாள். "எனக்கா?"

"பின்ன யாருக்கு? தினம் யார் கூட உட்கார்ந்து திங்கிறேன்?"

மில்லி பூட்டினாள். இருவரும் செபத்தைச் சொன்னார்கள். கார்மெலா ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள், மில்லி அவசரமாக முடித்தாள்.

"சரி, உன்னோடத குடு. எத்தன ஆச்சு? குறைஞ்சா பரவால்ல, இப்பவே போய் ஆள் புடிப்போம். நான் கூட வரேன். எனக்குத்தான் வெட்கமே கிடையாதே."

"இல்ல, முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சிருச்சா? யாரு பூட்டினா?"

"நொரீன்."

கார்மெலா தன் மோதிரத்தை ஒரு தடவை பார்த்தாள். "ஓ. நல்லதுதான். உனக்கு அவளத்தானே புடிக்கும்" என்றாள். பிறகு, "எப்படியும் நான் உனக்கு ஒரு நாற்காலி பிடிச்சு வைக்கிறேன். நீ எங்க வேணும்னாலும் உட்காரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கூடத்தில் வெள்ளை விரிப்பு விரித்த மேஜைகள். நொரீன் தன் மோதிரத்தைப் பூட்டிய கூடைப்பந்துத் தோழியோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள். நொரீனுக்கு மறுபக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. தூரத்து மூலையிலிருந்து கார்மெலா கையை ஆட்டினாள். மில்லி பார்த்தாள். பார்த்தும் பார்க்காததுபோல நடுமேஜையை நோக்கி நடந்தாள்.

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நொரீன் நிமிர்ந்தாள். முகத்தில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை, அதுதான் கொடுமை.

"என்ன மில்லி, யாரையாச்சும் தேடுறியா?"

கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த வாக்கியம் இப்போது எதற்கும் உதவாது. "இல்ல, சும்மா" என்றாள் மில்லி.

"அப்ப அந்த நாற்காலிய மேஜைக் கோடிக்குத் தள்ளிட்டுப் போயேன். அங்க ஒண்ணு குறையுது."

மில்லி தள்ளிக் கொடுத்தாள். யாரோ நன்றிகூடச் சொன்னார்கள். திரும்பி மூலையைப் பார்த்தாள். கார்மெலா எழுந்து நின்று கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலியை மேஜையோடு சேர்த்துத் தள்ளிவிட்டு, பக்கத்துக் கதவு வழியாக வெளியே போனாள். ஓடியிருந்தால் வாசலிலாவது பிடித்திருக்கலாம். "அவ தெரியாமத் திருப்பிட்டாடி, நீதான் பூட்டணும்" என்று அங்கேயாவது சொல்லியிருக்கலாம். மோதிரத்தைத் திருப்பினால் நொரீன் போய்விடுவாளே என்று மில்லி கையை இறுக்கி மூடிக்கொண்டு, கூடத்தின் நடுவே தனியாக நின்றாள்.