பின்னறைக்கு வந்த வெயில்

லண்டனின் மோர்டன் பகுதியில் என் சித்தி வீட்டுப் பின்னறையில் நடுப்பகலிலும் விளக்கு எரியும். யன்னலுக்கு வெளியே, சின்ன வளவு முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு ஓக் மரம் நின்றது. அந்தத் தெருவில் வீடுகள் வருவதற்கு முன்பே நின்ற மரம். பாரிசவாதம் வந்து சித்தப்பாவால் மாடி ஏற முடியாமல் போனபோது அவருடைய கட்டிலை அந்த அறையில்தான் போட்டோம். பஸ் ஓட்டி லண்டன் முழுவதையும் பார்த்த மனிதருக்கு இனி மிஞ்சியது அந்த ஒரு யன்னல். அதிலும் இலைகள்தான் தெரிந்தன.

பேச்சுக் குழறினாலும் அவர் கேட்டது எங்களுக்கு விளங்கியது. “வெயில் ஒருக்கா முகத்தில பட்டாப் போதும்.”

மரத்தை வெட்டுவதென்று சித்தி தீர்மானித்தார். ஆனால் அது பாதுகாக்கப்பட்ட மரம். கவுன்சிலின் அனுமதியில்லாமல் ஒரு கொப்பைக்கூடத் தொட முடியாது. ஆங்கிலத்தில் பேசவேண்டிய இடமெல்லாம் நான் போனேன். பார்க்க வந்த அதிகாரி அடிமரத்தைத் தட்டி, அண்ணாந்து பார்த்து, இன்னும் நூறு வருடம் நிற்கும் என்று மகிழ்ச்சியோடு சொன்னார். அதை நான் தமிழில் சொன்னதும், “உள்ளுக்குக் கிடக்கிற மனுசனையும் ஒருக்கா வந்து பாக்கச் சொல்லு” என்றார் சித்தி. அதிகாரி உள்ளே வந்தார், சித்தப்பாவின் கையைப் பிடித்து நலம் விசாரித்தார். போகும்போது, வெளிச்சம் குறைவென்பது மரத்தை வெட்டப் போதிய காரணமாகாது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அக்கம்பக்கத்தாரும் மரத்தை வெட்டக் கூடாதென்று எழுதினார்கள். நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் கொண்டுவந்து தருகிறவர்கள்தான்.

மாரிக் குளிரில் இலையெல்லாம் கொட்டியது. ஆனால் அப்போது லண்டனில் வெயில் ஏது? அந்த மாரியிலேயே சித்தப்பா போய்விட்டார்.

அடுத்த கோடையில் வேர்கள் ஈரத்தை உறிஞ்சி மண் இறங்க, பின்சுவரில் வெடிப்பு விழுந்தது. இந்த முறை அனுமதி கிடைத்தது. வெட்டுகிறவர்கள் வந்த காலை, சித்தி குசினிக்குள் நின்று என் கையைப் பிடித்தார்.

“வேண்டாமெண்டு சொல்ல ஏலாதோ?”

“வீடு இடிஞ்சிடும், சித்தி.”

“ஓம். கேக்கேக்க தராததை இப்ப ஏன் தாறாங்கள்?”

பின்னேரத்துக்குள் மரம் துண்டு துண்டாக லொறியில் ஏறிவிட்டது. வெயில் யன்னலால் இறங்கி, கட்டில் கிடந்த இடம்வரை நீண்டது. சித்தி அறை வாசலிலேயே நின்றார், உள்ளே போகவில்லை.

இன்னமும் அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். பின்னறை யன்னலுக்குத் தடித்த திரை போட்டிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நான் தெரியாமல் அதை விலக்கிவிட்டேன்.

“இழுத்து மூடு, பிள்ளை,” என்றார். “அது அவர் கேட்டது. எனக்கென்னத்துக்கு?”