மார்ஜரிக்குக் கிடைத்த வீடு

மார்ஜரிக்கு மூக்கு நுனியில் கோபம். உக்குவளையில் அது எல்லாருக்கும் தெரியும். அவளைக் கட்டிய கான்ஸ்டபிள் ஒஸ்வல்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். கல்யாணமாகி ஆறு வருடமாக அவர் மாத்தளையில், பொலிஸ்காரர்கள் ஒன்றாகத் தங்கும் பரக்ஸில் கிடந்தார். அவள் அண்ணன் வீட்டில், அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். குடும்பத்துக்கென்று ஒரு குவார்ட்டர்ஸ் காலியானால் அடுத்தது ஒஸ்வல்டுக்குத்தான். ஞாயிறு பூசையில் அவள் மாதாவிடம் கேட்டதெல்லாம் அந்த வீட்டைத்தான்.

1961இல் வீடு கிடைத்தது. கிடைத்த விதம்தான் அவள் மாதாவிடம் கேட்டதல்ல. ரிவர்ஸ்டன் பக்கம் கசிப்புக் கள்ளச்சாராயம் பிடிக்கப் போன இடத்தில் கான்ஸ்டபிள் இத்ரூஸைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். கூடப் போன ஒஸ்வல்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம், இத்ரூஸ் இருந்த வீடு ஒஸ்வல்டுக்கு என்று கடிதம் வந்தது.

மார்ஜரி பெட்டி படுக்கையோடு ரயிலேறி வந்தாள். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஒஸ்வல்ட் வேலியோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"இத்ரூஸ் சம்சாரம் மஸீனா உள்ளதான் இருக்காங்க. இத்தா இருக்காங்க. அவங்க மார்க்கத்துல புருஷன் செத்தா நாலு மாசம் பத்து நாள், இருந்த வீட்டை விட்டு வெளிய வரக்கூடாதாம். அந்நிய ஆம்பளைங்க கண்ணுலயும் படக்கூடாது."

"அப்ப எதுக்கு வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

"நான் வேணாம்னா அடுத்த ஆளுக்குப் போயிரும். அவன் அந்தப் பிள்ளைய வெளிய அனுப்பிருவான். நீ உள்ள இரு. நான் பரக்ஸ்லயே இருக்கேன். குடும்பம் குடிவரலைன்னா வீட்டைத் திருப்பி எடுத்திருவாங்க."

மார்ஜரி திட்டிய திட்டு ஸ்டேஷன் வரைக்கும் கேட்டது. ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா என்பதுதான் அவளுக்கு ஆத்திரம். திட்டி முடித்துவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளைச் சேலையில் பாயில் இருந்தவளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கலாம். பக்கத்தில் உடுப்பு மூட்டை கட்டித் தயாராக இருந்தது.

"நீங்க வந்தா நான் போகணும்னு சொன்னாங்க ராத்தா," என்று அக்கா முறை வைத்துச் சொன்னாள் மஸீனா.

மார்ஜரி தன் பெட்டியை ஒரு மூலையில் தள்ளிவிட்டு, அந்த மூட்டையை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

இப்படியாகச் சொந்த வீட்டில் மார்ஜரி விருந்தாளியானாள். கடையில் ஹலால் இறைச்சிதானா என்று கேட்டு வாங்கினாள், கேட்டதையே இரண்டு தரம் கேட்டுக் கடைக்காரரை வெறுப்பேற்றினாள். மற்றக் கான்ஸ்டபிள்மாரும் சும்மா இருக்கவில்லை. சிங்களவர், தமிழர் எல்லாரும் சேர்ந்து மஸீனா கிணற்றடிக்குப் போகும் வழியைத் தென்னோலைக் கிடுகால் மறைத்துக் கட்டினார்கள். அந்தப் பக்கம் போகிறவர் முன்கூட்டியே இருமிக்கொண்டு போவார். அந்த நாலு மாதமும் ஸ்டேஷன் முழுக்கச் சளி என்றுதான் ஊர் நினைத்திருக்கும்.

ஒஸ்வல்ட் மட்டும் பின் ஜன்னலில் சோற்றுக் கோப்பையை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார். "அவன் செத்தான், நீ எப்படித் தப்பிச்சேன்னு அந்தப் பிள்ளை கேட்டா நான் என்ன சொல்லுவேன் மார்ஜரி?" என்று ஒருநாள் கேட்டார். மார்ஜரி கோப்பையை வாங்கி இன்னொரு கரண்டி சோறு போட்டு நீட்டினாள்.

மூன்றாம் மாதம் யாரோ கோள் சொல்லி, மேலிடத்து இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்தார். மார்ஜரி வாசற்படியில் இரண்டு கையையும் நீட்டி மறித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ளே வேறு குடும்பம் இருக்கிறதாமே," என்று அவர் சிங்களத்தில் கேட்டார்.

அவளும் சிங்களத்திலேயே சொன்னாள்: "வேறு குடும்பம் இல்லை ஐயா. என் தங்கச்சி. புருஷன் உங்கள் பொலிஸ் உடுப்போடு செத்தவர். இத்தா முடியும்வரை ஆண்கள் யாரும் உள்ளே வரக்கூடாது, நீங்களும்தான்."

அவர் அவளைப் பார்த்தார், கிடுகு மறைப்பைப் பார்த்தார். 'கான்ஸ்டபிளின் குடும்பம் வசிக்கிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். திரும்பிப் போகும்போது கிடுகுக்குப் பக்கத்தில் அவரும் ஒருமுறை இருமினார். அந்த மனுஷர் நன்றாக இருக்கட்டும்.

இத்தா முடிந்த அன்று காலை, மஸீனாவைக் கூட்டிப்போகப் பலாபத்வலயிலிருந்து அவள் அண்ணன் கார் கொண்டுவந்தார். ஒஸ்வல்ட் ஸ்டேஷனுக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தார். மார்ஜரி கையைப் பிடித்து இழுத்துவந்து வாசலில் நிறுத்தினாள்.

தலையை மூடிக்கொண்டு மஸீனா வாசலுக்கு வந்தாள். ஒஸ்வல்ட் நிலத்தைப் பார்த்தபடி, "அன்னைக்கு நான்..." என்று தொடங்கினார்.

"நாலு மாசமா வெளியதானே நிக்கிறீங்க நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் மஸீனா. "போதும். உங்க ஊட்டுக்குள்ள வாங்க."

ஒஸ்வல்ட் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார், தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஸ்டேஷன் ஆட்கள் பார்க்காதபடி மார்ஜரி கதவைச் சாத்தினாள்.