தவமணி அக்காவின் வருத்தம்

தவமணி அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் எனக்கு என் மேல்தான் ஆத்திரம் வருகிறது. எனக்கு அழகி என்று பேர் வைத்தார்களே, கொஞ்சம் பொறுமையையும் சேர்த்து வைத்திருக்கக் கூடாதா?

திருமயம் பக்கம் ஆதப்பன் செட்டியாரின் பெரிய வீடு. சென்னைக்குப் போனவர் அறை அறையாக எங்களைக் குடிவைத்தார். ஏழு குடித்தனம், ஒரே அடுப்படி. குவாரி வேலைக்கு வந்த ஒடிசாக்காரர்கள், ரிட்டயரான கண்டக்டர் ரெங்கராஜ், தையல் கம்பெனிக்குப் போகும் நான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்தான் சமைப்போம்.

அக்காவுக்குச் சொந்த ஊர் இலங்கையில் மன்னார். பத்து வயதில் படகேறி வந்து, அகதி முகாமிலேயே வளர்ந்து, போன தை மாதம்தான் எங்களோடு குடிவந்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் ஒரே உலை என்று ஆரம்பித்ததே அவர்தான். ஒடிசாப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுத்தார். பார்வை மங்கிய ரெங்கராஜுக்குப் பேப்பர் வாசித்தார். எங்களிடம் எங்கள் பேச்சைத்தான் பேசுவார்.

அந்த ஞாயிறு, நான் கூட்டிய மீன்குழம்பில் தேங்காய்ப்பாலை ஊற்றிவிட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"இதெல்லாம் ஒங்க ஊருல போயி ஊத்துங்க!"

எந்த ஊருக்குப் போவார், பாவம்! கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை மனசு கேட்காமல் அவர் அறை வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"என்னக்கா, காப்பி குடிக்க வரலையா?"

"எனக்கு வருத்தமாக் கிடக்கு, பிள்ளை."

ஒரு சொல்லுக்கு இத்தனை கோபமா என்று எனக்கு மறுபடி ரோஷம் வந்தது. "ரொம்பத்தான் பண்ணுறீங்க. வருத்தம் தீந்ததும் நீங்களே வந்து பேசுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

மதியம் போன் வந்தது. மாரடைப்பாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

முகாமிலிருந்து அவர் தம்பி வந்தார். அழுது ஓய்ந்தபின் என்னிடம் கேட்டார்.

"காலமை வருத்தமெண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"எம்மேல கோவம் தம்பி. அதான் வருத்தமா இருந்தாங்க."

"கோவமில்லை அக்கா. எங்கட ஆக்கள் நோயைத்தான் வருத்தமெண்டு சொல்லுறது."

எங்களுக்காக எங்கள் பேச்சைப் பழகிய மனுஷி, உயிர் போகிற வலியில் பிறந்த ஊர்ப் பேச்சில் கூப்பிட்டிருக்கிறார். ஐயோ, எனக்கு அது விளங்கவில்லையே!

"சொன்னாங்க தம்பி. எங்கிட்டத்தான் சொன்னாங்க."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அது போதும் அக்கா. கேக்க ஆளில்லாமப் போயிட்டாவோ எண்டுதான் நெஞ்சு பதறிச்சு."

நான் என்ன பதில் சொன்னேன் என்று அவர் கேட்கவே இல்லை.