கிரீன் கார்டுக்குக் கட்டிய காப்பு

ஜெயசித்ரா ஊசி குத்தினால் வலிக்காது என்று பெரம்பலூரில் ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை, நானே அவளிடம்தான் சர்க்கரை பார்த்துக்கொள்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் உள்ள ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருவரும் வேலை செய்கிறோம். அவள் ரத்தம் எடுப்பாள். நான் முன்னால் உட்கார்ந்து பில் போடுவேன், வருகிறவர்களைத் திட்டுவேன். வெறும் வயிற்றோடு வரச்சொன்னால் வடையும் டீயும் முடித்துவிட்டு வந்து கையை நீட்டுகிறவர்களைத் திட்டாமல் கொஞ்சவா முடியும்?

அவள் மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு வைத்துக் கட்டிய கயிறு ஒன்று இருந்தது. கையுறை போடும்போதெல்லாம் அது மாட்டிக்கொள்ளும். "எந்தக் கோயில் காப்பும்மா? திருவிழா எப்ப?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அவள் பதில் சொல்லமாட்டாள். நானும் சொல்லமாட்டேன். அது அமெரிக்காவுக்குக் கட்டிய காப்பு என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

நடந்தது இதுதான். அவள் கணவர் அன்பழகன் நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணத்துக்கு முன்பே அவருக்கு கிரீன் கார்டு இருந்தது. மனைவிக்கும் அங்கே ஒரு வக்கீல் மூலம் விண்ணப்பம் போட்டார். அது அங்கே வரிசையில் நிற்கிறது, இவள் இங்கே துறைமங்கலத்தில் மாமியாரோடு இருக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை அவர் வந்து போவார். மற்றபடி தீபாவளி, பொங்கல், சண்டை, சமாதானம் எல்லாம் போனில்தான்.

மாமியார் பெயர் அம்மாக்கண்ணு. அரியலூர்ப் பக்கம் விக்கிரமங்கலத்துக்காரர். கல்யாணச் சான்றிதழை ஸ்கேன் செய்ய மாமியாரும் மருமகளும் பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தபோது, "இனிமே நாங்க என்ன பண்ணணும் தம்பி?" என்று கேட்டிருக்கிறார். கடைக்கார அசோக்குக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. அவனுடைய மாமா பையன் அமெரிக்காவில் இருக்கிறானாம். "ஒண்ணும் பண்ண வேணாம் பெரியம்மா. விண்ணப்பம் போட்டாச்சுன்னா முடியற வரைக்கும் அந்தப் பொண்ணு எந்த வெளிநாட்டுக்கும் போகக்கூடாது. போனா ஃபைல் போச்சு. நம்ம ஊர்ல காப்பு கட்டினா எல்லை தாண்ட மாட்டோம்ல, அது மாதிரிதான்" என்றான்.

அவன் புரிவதற்காகச் சொன்னான். அம்மாக்கண்ணு அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை மருமகளைச் சிறுவாச்சூருக்குக் கூட்டிப்போய், காளியம்மன் சன்னிதியில் நிஜமாகவே காப்பு கட்டிவிட்டார். கார்டு வந்ததும் இங்கேயே வந்து அவிழ்ப்பதாக வேண்டுதல். ஜெயசித்ரா சிரித்துக்கொண்டேதான் கையை நீட்டினாளாம். அப்போது அவளுக்கு வெளிநாடு போகிற வேலை எதுவும் இல்லை.

வேலை வந்தது. அவள் தங்கை கவியா சிங்கப்பூரில் முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தாள். கவியா பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அவர்கள் அம்மா இறந்துவிட்டார். அவளுக்குச் சடை பின்னியதிலிருந்து கல்யாணம் முடித்தது வரை எல்லாம் ஜெயசித்ராதான். பிரசவத்துக்குத் தாய்வீடாக அக்கா வீட்டுக்கு வருவதாகத்தான் ஏற்பாடு. திடீரென்று ரத்த அழுத்தம் கூடிவிட்டது. விமானத்தில் ஏறவே கூடாது, படுக்கையை விட்டு எழக்கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார்.

"அக்கா, நீ வந்தாப் போதும். எனக்குப் பயமா இருக்கு" என்று கவியா போனில் அழுதது எனக்கே கேட்டது. ஜெயசித்ரா, "வரேன்டி" என்று சொல்லிவிட்டுத் தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது குழப்பம். அசோக், "போனா கேன்சல், எழுதி வேணா தரேன்" என்றான். சர்க்கரை பார்க்க வந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், போகலாம், ஆனால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தால் பிற்பாடு கேள்வி கேட்பான் என்றார். அன்பழகனைக் கேட்டால், "யூடியூப்ல ஒருத்தன் போலாம்ங்கறான், இன்னொருத்தன் போகவே கூடாதுங்கறான். எனக்கு ஒண்ணும் புரியல ஜெயா. நீயே யோசிச்சுக்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆள் மட்டும் எதிரில் இருந்திருந்தால் காலையிலும் சாயங்காலமும் ரத்தம் எடுத்திருப்பேன்.

போனால் புருஷனோடு சேர்ந்து வாழ்வது இன்னும் எத்தனை வருடம் தள்ளிப்போகுமோ தெரியாது. போகாவிட்டால், அம்மா இல்லாத பெண் அங்கே புருஷன் வேலைக்குப் போனபிறகு தனியாகக் கிடப்பாள். ஜெயசித்ரா காலையில் போகிறேன் என்பாள், மதியம் போகவில்லை என்பாள். ஒருநாள் இரண்டு பேருடைய குப்பிகளில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாள். நல்லவேளை, பில்லோடு ஒத்துப்பார்த்தபோது என் கண்ணில் பட்டது. அத்தனை வருடத்தில் அவள் செய்த முதல் தப்பு அது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு அழுதாள்.

"அந்த வக்கீலைக் கேக்கச் சொல்லு உன் வீட்டுக்காரர. யூடியூப்காரனா ஃபைல் போட்டான்?" என்று நான் கத்திய பிறகுதான் அன்பழகன் வக்கீலுக்கு எழுதினார். பதில் வந்தது. அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டே விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள்தான் முன்அனுமதி இல்லாமல் வெளியே போகக்கூடாதாம். சொந்த நாட்டில் காத்திருப்பவர் எங்கு வேண்டுமானாலும் போய்வரலாம், நேர்காணலுக்குக் கூப்பிடும்போது இங்கே இருந்தால் போதுமாம்.

"கேட்டியா? உள்ளயே போகாதவள வெளிய போகாதன்னு எவன் சொல்லுவான்?" என்று நான் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "சட்டம் விட்டுருச்சுக்கா. அம்மன் விடலையே" என்றாள்.

"அது அசோக்கு சொன்னத நம்பிக் கட்டினதுதானே? காரணமே தப்பு. கத்திரிக்கோலால வெட்டிப் போடு."

"எதுக்குக் கட்டினா என்னக்கா, கட்டினது கட்டினதுதானே? நான் வெட்டிட்டுப் போயி, அங்க கவியாவுக்கு ஏதாச்சும் ஆயிட்டா? இல்ல, அவருக்கு?"

வெட்டச் சொன்ன நானே கத்திரிக்கோலை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன்.

சிங்கப்பூர் விசா வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து விமானம். சிறுவாச்சூர்க் கோயிலோ திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். ஆகவே அந்த வெள்ளிக்கிழமையை விட்டால் வேறு வழியில்லை. மாமியார் மருமகளோடு நானும் பஸ் ஏறினேன். வழிநெடுக அம்மாக்கண்ணு மருமகளின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். கோயிலில் வைத்துச் சண்டைபோடப் போகிறார் என்று நினைத்து நான் மனதுக்குள் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

பூசாரியிடம் ஜெயசித்ரா கையைக் காட்டினாள். "வேண்டுதல் முடியல சாமி. ஆனா அவசரமாப் போகணும். அவுக்கலாமா?"

"கட்டினவங்கதாம்மா சொல்லணும்" என்று அவர் அடுத்த தட்டை வாங்கப் போய்விட்டார்.

ஜெயசித்ரா மாமியாரைப் பார்த்தாள். "நான் போகல அத்தை. என்னால தாங்க முடியல, இந்தக் குழப்பம் போதும்."

அம்மாக்கண்ணு அவள் கையைப் பிடித்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். மஞ்சளில் ஊறி இறுகிப்போன முடிச்சு. பல்லால் கடித்து அவிழ்த்தார். பிறகு கயிற்றை என்னிடம் நீட்டி, "இந்தா அனுசுயா, என் கையில கட்டு" என்றார்.

"உங்களுக்கு எதுக்குப் பெரியம்மா?"

"வூட்டுக்கு ஒரு ஆளு எல்லைக்குள்ள இருந்தாச் சரிதானே. நான் இருக்கேன், இவ போயிட்டு வரட்டும்." பிறகு குரல் தாழ்ந்தது. "என் தங்கச்சிக்கு வலி எடுத்தப்ப எங்க ஊர்ல காப்பு கட்டியிருந்துச்சு. பக்கத்து ஊருதான். நான் போகல. தேர் முடிஞ்சு போறதுக்குள்ள அவ போயிட்டா. எல்லைய நான் சரியாத்தான் காத்தேன்."

நான் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகளுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. கயிற்றை வாங்கி அவர் கையில் கட்டிவிட்டேன்.

கவியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். அன்பழகனும் லீவு போட்டு நியூஜெர்சியிலிருந்து சிங்கப்பூருக்கே வந்து மனைவியைப் பார்த்துவிட்டுப் போனார். அந்த ஆள் மேல் இருந்த கோபம் எனக்குப் பாதி குறைந்தது.

இங்கே அம்மாக்கண்ணு வேறு மாதிரி படுத்தினார். விக்கிரமங்கலத்தில் அவருடைய மகள் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. போகமாட்டேன் என்றுவிட்டார்.

"நாட்டு எல்லையத்தானே தாண்டக்கூடாது? விக்கிரமங்கலம் என்ன வெளிநாடா?" என்று கேட்டேன்.

"நான் எந்தக் காலத்துல வெளிநாடு போகப்போறேன்? கஷ்டமே இல்லாத காப்ப அம்மனுக்கு எதுக்குக் கட்டணும்? எனக்குப் பெரம்பலூர் மாவட்டம்தான் எல்லை."

"முன்ன அரியலூரும் பெரம்பலூர் மாவட்டத்துலதான் பெரியம்மா இருந்துச்சு."

"இப்ப இல்லையே" என்றார். நான் தோற்றேன். அவர் மகள் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

ஜெயசித்ரா திரும்பி வந்ததும் முதல் வேலையாக மாமியார் முன்னால் கையை நீட்டினாள். "குடுங்க அத்தை. இனிமே நான் கட்டிக்கறேன். நீங்க விக்கிரமங்கலம் போயிட்டு வாங்க." விண்ணப்பம் இன்னும் அதே வரிசையில்தான் நின்றது.

அம்மாக்கண்ணு கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வேணாம். கார்டு வந்தா நீ போயிடுவ. போனப்புறம் எனக்கு ஒண்ணுன்னா நீ கெளம்பி வரணும்ல? அப்ப எல்லை, காப்புன்னு நீ யோசிச்சு நிக்கக் கூடாது. இப்பலேருந்தே உன் கையில எதுவும் கட்டியிருக்க வேணாம்" என்றார்.

ஜெயசித்ரா நீட்டிய கையால் அந்தக் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் வேலைக்கு வந்து கையுறை போட்டாள். அது எங்கும் மாட்டாமல் ஏறியது. அதற்கும் அழுதாள்.